கேஸ் கீசர், ஜீரோ யூனிட்

டிச. 9, செவ்வாய்

காலைல 7.52. தூறல். ப்ளான்ட்ல இருந்தேன். கழிவுத் தண்ணி பிட்டுல ரெண்டு பேர் எறங்கணும், வெச வாயு அளக்குற கேஸ் மீட்டர கயித்துல கட்டி உள்ள விட்டுட்டிருந்தேன். எதிர் வீட்டு ஷமீம் அக்கா போன். "தம்பி, ஜல்தி வா. கலை பாத்ரூம் கதவத் தொறக்க மாட்டேங்குது. தண்ணி கொட்டுற சத்தம் மட்டும் கேக்குது."

8.15 வீடு. தாப்பாவ ஒடச்சி, கலையத் தூக்கி வெளிய படுக்க வெச்சிருந்தாங்க. மேல அக்காவோட துப்பட்டா. ஆஸ்பத்திரி. 9.20க்கு இல்லன்னுட்டாங்க.

11 மணிக்கு கலையோட ஆதார் எடுக்க வீட்டுக்கு வந்தேன். நேரா பாத்ரூம். ஜன்னல்ல ஞாயித்துக்கெழம நான் ஒட்டின தர்மாகோல். பிய்ச்சேன். டேப்போட பரண்ல போட்டேன். அப்புறம்தான் ஆதார் தேடினேன்.

ஏன் பிய்ச்சேன்னு எழுதணும். இன்னிக்கி முடியல.

டிச. 10, புதன்

மழ இல்ல. பனி.

போஸ்ட்மார்ட்டம் முடிஞ்சி ரெண்டு மணிக்குக் குடுத்தாங்க. எஸ்.ஐ. கேட்டாரு, "ஏதாச்சும் வியாதி இருந்துச்சா?" நான் வாயத் தொறக்குறதுக்குள்ள அத்தை, கலையோட அம்மா, முந்திக்கிட்டாங்க. "சின்ன வயசுல வலிப்பு வந்துச்சு சார். மந்திரிச்சதோட வுட்டுட்டேன். டாக்டருகிட்ட காட்டல. என் பாவம் சார்." எஸ்.ஐ. என்னப் பாத்தாரு. "ஆமா சார்"ன்னேன். ரிப்போர்ட் வர நாளாகுமாம்.

கல்யாணமாகி நாலு வருஷத்துல ஒரு தடவகூட வலிப்பு வந்து பாத்ததில்ல.

சாயங்காலம் எடுத்தாச்சு. வந்து எல்லாரும் குளிக்கணும். "கீசர் இருக்குல்ல, போடுப்பா." ரிப்பேர்னேன். காலைலயே சிலிண்டர்லருந்து ரெகுலேட்டரக் கழட்டி ஒளிச்சிட்டேன். ஷமீம் அக்கா ராடு குடுத்தாங்க. பக்கெட்டுக்கு கால் மணி நேரம். க்யூ. "இன்னாபா, டெக்னீஷியன் வூட்டுல சுடுதண்ணிக்கு க்யூவா"ன்னு யாரோ. ரெண்டு பேர் சிரிச்சாங்க.

டிச. 11, வியாழன்

தூக்கம் இல்ல. சாப்பாடு யாரோ குடுத்தாங்க, இன்னா சாப்பிட்டேன்னு தெரியல.

இந்த நோட்டுக்குப் பின்பக்கம், ரெண்டு மாசம் முன்னாடி போட்ட கணக்கு. போன பில்லு ஐநூறு யூனிட் தாண்டிடுச்சு. தாண்டினா கீழ இருக்குற யூனிட்டுக்கும் ரேட்டு ஏறிடும். கலை வீட்ல ஷூ அப்பர் தைக்கிற மெஷின், மோட்டார் ஓடுது, அத நிறுத்த முடியாது. சுடுதண்ணிலதான் கொறைக்கணும்.

ராடு – 15 லிட்டர், 20 டிகிரி ஏத்த 0.35 யூனிட். ரிஸ்க்: ஷாக்.
கரண்ட் கீசர் – தேங்குற சூடு வீண். அர யூனிட் வெச்சிக்கலாம். ரிஸ்க்: கம்மி.
கேஸ் கீசர் – ஜீரோ யூனிட். ரிஸ்க்: இல்ல.

"இல்ல." என் கையெழுத்துதான்.

"ராடே போதுங்க, ரெண்டு பக்கெட்டு தானே. தாண்டினா தாண்டட்டும்"னா கலை. நான் கேக்கல. காத்து போதாம எரிஞ்சா கார்பன் மோனாக்சைடு, வாசன கெடையாது, தெரியாமயே ஆள சாய்ச்சிடும். ப்ளான்ட்ல புதுசா வர்றவனுக்கெல்லாம் இத நான்தான் சொல்லிக் குடுக்கறேன். ஜன்னல் தொறந்தே இருக்கணும்னு டப்பாலயே போட்டிருந்துச்சு. படிச்சேன். மாட்டும்போது தொறந்துதான் இருந்துச்சு.

ஞாயித்துக்கெழம "ஈரத் தலையோட நடுங்குதுங்க, காத்து நேரா முதுகுல அடிக்குது"ன்னா. அவ சொல்லி முடிக்கல, நான் கத்தி எடுத்துட்டு வந்துட்டேன். தர்மாகோல கரெக்டா வெட்டி ஒட்டினேன். ஒரு சந்து இல்ல.

பிட்டுல எறங்கறவனுக்கு மீட்டர், பெல்ட்டு, வெளிய காவலுக்கு ஒரு ஆளு.

டிச. 12, வெள்ளி

பால் ஊத்தியாச்சு. கலை தங்கச்சி தேனு கைக்கொழந்தையோட நாட்றம்பள்ளி கெளம்பினா. "மாமா, காரியம் வரைக்கும் அம்மாவ எங்க வூட்ல வெச்சிக்கறேன். இங்க ராட வெச்சிக்கிட்டு பேஜாரு. அங்க நீங்க மாட்டிக்குடுத்த கீசரு இருக்குல்ல."

என் கணக்கப் பாத்து வாங்கினது அது. போன மாசம் நானே போய் மாட்டினேன்.

தலையாட்டினேன். பஸ் ஏத்தி விட்டேன். அவங்க ஜன்னல் தொறந்துதான் இருக்கும். தொறந்துதான் இருக்கும். வாயத் தொறந்தா பரண் வரைக்கும் சொல்லணும்.

மத்தியானம் கரண்ட் ரீடிங் எடுக்கறவர் வந்தாரு. அவருக்கு விஷயம் தெரியாது. "இன்னா சார், இந்த வாட்டி கம்மி பண்ணிட்டீங்க." 438. ஐநூறுக்குள்ள.

டிச. 13, சனி

பனி ஜாஸ்தி. ப்ளான்ட்டுக்குப் போய் கேஸ் மீட்டர எடுத்துட்டு வந்தேன். ஏன்னு யாரும் கேக்கல, எனக்கு வழி விட்டாங்க.

தர்மாகோல அதே எடத்துல ஒட்டினேன். ரெகுலேட்டர் மாட்டி, கீசர் போட்டு, மீட்டர சோப்பு ஸ்டாண்டுல வெச்சி, வெளிய வந்து கதவ மூடினேன். தாப்பா பேந்த ஓட்டைல டிஸ்ப்ளே தெரியுது, மோனாக்சைடு எவ்ளோன்னு.

2 நிமிஷம் – 0
5 – 20
7 – 35 தாண்டிச்சு, கத்த ஆரம்பிச்சிடுச்சு
10 – 190
14 – 610

கலை தலைக்கு ஊத்தினா அர மணி நேரம்.

சிலிண்டர மூடினேன். மீட்டர் கத்திட்டே இருக்கு. வாசல்ல ஷமீம் அக்கா. "இன்னா சத்தம் தம்பி?" "ஒண்ணுமில்லக்கா." அவங்க போகல.

10.40. தேனுக்குப் போன் போட்டேன்.

"ஜன்னல் தொறந்திருக்கா?"

"எந்த ஜன்னல் மாமா?"

"பாத்ரூம்."

"இல்ல, தர்மாகோல் ஒட்டிட்டோம். திங்கக்கெழம அக்காதான் போன்ல சொன்னா. மாமா ஒட்டிக் குடுத்தாரு, காத்தே வரலடின்னு."

"இப்ப உள்ள யாரு?"

"அம்மா."

தட்டச் சொன்னேன். ஒடைக்கச் சொன்னேன். தட்டுற சத்தம் போன்ல கேக்குது. எண்ணினேன். பதினொண்ணு. அப்புறம் அத்தை குரல். "இன்னாடி, ரெண்டு சொம்பு நிம்மதியா ஊத்திக்க விட மாட்டியா?"

கீசர நிறுத்திட்டு தர்மாகோலப் பிய்க்கச் சொன்னேன்.

"மாமா, இன்னா விஷயம்?"

சொன்னேன். ஒட்டினது, பிய்ச்சது, பரண்ல போட்டது, எஸ்.ஐ.கிட்ட ஆமா சார்னது. ஸ்பீக்கர்ல இருந்திருக்கு. கொழந்த ஏதோ கத்துச்சு.

அத்தை: "வைத்தியம் பாக்காம என் பொண்ண நானே கொன்னுட்டேன்னு நாலு நாளா மார்ல அடிச்சிக்கிறேன். பக்கத்துலயே உக்காந்து பாத்துட்டிருந்தியே நீ."

மாப்ளன்னு சொல்லல.

2.15. போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சு. ரைட்டர் சாப்பிடப் போயிருக்காரு, உக்காருன்னாங்க. எழுதுறேன். சகலை கூப்புடுறான். திரும்ப சகலை. தெரியாத நம்பர் ரெண்டு. திரும்ப சகலை. அத்தை நம்பர் வரல. போன ஆஃப் பண்ணிட்டேன்.