கிள்ளானிலிருந்து வரும் பழம்

பிரிக்பீல்ட்ஸ்
3 பிப்ரவரி 2025

என் தங்கச்சி ராஜினிக்கு,

நலம் என்று எழுதினால் நீ நம்பிவிடுவாய். அதனால் எழுதவில்லை. போனை எடுக்கமாட்டேன் என்கிறாய். வாட்ஸ்ஆப்பில் நீலக்கோடு மட்டும் விழுகிறது. இந்த வயதில் தபால்தலைக்கு வரிசையில் நிற்க வைத்துவிட்டாயே, உன்னை என்ன செய்வது!

விஷயம் உனக்குத் தெரியும். என் சினைப்பையில் வந்த புற்று, அம்மா வழியாக வந்த மரபணுக் கோளாறால்தானாம். "கூடப் பிறந்த சிஸ்டர் இருந்தா ப்ளட் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க லா, பாதிக்குப் பாதி சான்ஸ்" என்றார் டாக்டர். முன்கூட்டியே தெரிந்தால் சினைப்பையை எடுத்துவிட்டுப் பிழைத்துக்கொள்ளலாம். அம்மாவுக்குச் சாகும்வரை இதைச் சொல்ல ஆளில்லை. உனக்கு நான் இருக்கிறேன். என் நோயைவிட நீ பேசாமல் இருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது, ராஜி.

அந்தக் கோளாறுக்கென்றே செய்த மாத்திரையைக் காலையும் இரவும் விழுங்குகிறேன். புற்று மறுபடி தலைதூக்காமல் அதுதான் அடக்கி வைத்திருக்கிறது. கிரேப்ஃபுரூட் கூடாது என்றார்கள். திராட்சையை வீட்டுக்குள்ளேயே விடுவதில்லை. பாயசத்தில் கிடப்பதைக்கூடப் பொறுக்கிப் போட்டுவிடுகிறேன். குமட்டலுக்கு நீ கிராப் வண்டிக்காரரிடம் கொடுத்தனுப்பும் லிமாவ் பாலிதான், அந்தப் பம்பளிமாஸ்தான் துணை. தலையளவு பழம், ஒரே ஆளாக உரித்துத் தின்று தீர்க்கிறேன். பழம் தவறாமல் வருகிறது, நீதான் வரக் காணோம்.

உன் அக்கா,
சிவமலர்

---

கிள்ளான்
11 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

கோபிக்காதே. உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன், அதனால்தான் போனை எடுப்பதில்லை. எனக்கு ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன். "நல்லா இருக்கிற உடம்பை எதுக்கு கிண்டிப் பாக்கணும்?" என்கிறார் இவர். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

பாதிக்குப் பாதி என்றாராமே டாக்டர். நாம் இரண்டு பேர். ஒன்று உனக்கு வந்துவிட்டது. மிச்சமிருப்பது வராத பாதிதானே? இதை எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆனால் தினமும் இதைச் சொல்லிக்கொண்டுதான் படுக்கிறேன்.

நாளைக்கும் பழம் வரும், நல்ல இனிப்பாம். வேறு என்ன செய்யச் சொன்னாலும் செய்கிறேன், டெஸ்டை மட்டும் கேட்காதே. கொஞ்ச நாளைக்கு நீ இங்கே வரவும் வேண்டாம்.

ராஜினி

---

பிரிக்பீல்ட்ஸ்
25 பிப்ரவரி 2025

ராஜி,

திட்டத்தான் எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

போன வாரம் பாசாரில் மீன் வாங்கும்போது கண் இருட்டி விழுந்துவிட்டேன். ரத்தம் பாதியாக இறங்கியிருந்தது. ரத்தம் ஏற்றினார்கள், மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். மருந்து ஒத்துக்கொள்ளவில்லையோ, எலும்பு மஜ்ஜை கெட்டுவிட்டதோ என்று டாக்டரே முகம் மாறினார். ஐயோ, அந்த நாட்கள்! மாத்திரை இல்லாத உடம்புக்குள் அது விழித்துக்கொள்கிறதா என்று கண்ணை மூடிக் காதுகொடுத்துக் கிடந்தேன்.

அப்புறம் மருந்துக் கவுன்டர்ப் பெண் தாமரை வந்து என்னென்ன சாப்பிட்டேன் என்று கேட்டாள். திராட்சையைத் தொடவே இல்லை என்று பெருமையாகச் சொன்னேன். "ஆன்டி, கிரேப்ஃபுரூட்னா திராட்சை இல்ல லா! லிமாவ் பாலி சாதி. அதுவும் சாப்பிடக்கூடாது" என்று தலையில் கைவைத்தாள். அந்தப் பழம் மருந்தை உடம்பிலிருந்து கழியவிடாமல் சேர்த்து வைத்துவிடுமாம். இப்போது அளவைக் குறைத்து மறுபடி தொடங்கியிருக்கிறார்கள்.

உன்மேல் தப்பில்லை. வார்த்தையைத் தப்பாகப் பிடித்துக்கொண்டவள் நான். இனிமேல் பழம் வேண்டாம்.

உன் கணக்கையும் டாக்டரிடம் கேட்டேன். எனக்கு வந்ததால் உனக்கு வராது என்பதெல்லாம் கிடையாதாம். ஒவ்வொருத்திக்கும் தனித்தனியாகப் பாதி. இது நமக்குள் பங்கு பிரிக்கிற சொத்து இல்லை, பைத்தியமே.

சிவமலர்

---

கிள்ளான்
2 மார்ச் 2025

அக்கா,

உன்னைக் கொல்லப் பார்த்தேனே. இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

உன்னிடம் ஒன்றை மறைத்தேன். தீபாவளிக்குப் பிறகு எனக்கு வயிறு உப்பிக்கொண்டே போகிறது. கை கால் மெலிகிறது, பாவாடை நாடா மட்டும் எட்டவில்லை. "சோத்தைக் குறை லா" என்று இவர் சிரிக்கிறார். நானும் கூடவே சிரிக்கிறேன். அம்மாவுக்கும் இப்படித்தானே தொடங்கியது? நீதான் அவருக்கு நாடாவைப் புதிதாகக் கோர்த்துக் கொடுத்தாய். நீ என்னைப் பார்த்தால் உடனே கண்டுபிடித்துவிடுவாய். அதனால்தான் வரவேண்டாம் என்றேன்.

டெஸ்ட் எடுத்தால் இதற்கு ஒரு பெயர் வந்துவிடும். அதுவரைக்கும் வாயு என்று சொல்லிக்கொள்ளலாம். என்னைச் சும்மா விட்டுவிடு அக்கா. எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது.

ராஜினி

---

கிள்ளான், உன் வீட்டு கேட்
5 மார்ச் 2025

ராஜி,

உன் கடிதத்தைப் படித்த கையோடு கோமுட்டர் ரயிலேறி வந்துவிட்டேன். மூச்சு வாங்குகிறது. பெல்லை அடித்து அடித்து ஓய்ந்துவிட்டேன். மாடி ஜன்னலில் திரை அசைந்தது, பார்த்தேன்.

அது வாயு இல்லை. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இன்று மாலையே உன்னைப் பார்ப்பதாக என் டாக்டர் ஒத்துக்கொண்டிருக்கிறார். உள்ளே நானும் கூட வருவேன். அவர் என்ன சொன்னாலும் முதலில் என் காதில் விழட்டும்.

உன்னைவிட எனக்குத்தான் பயம். அம்மாவைக் கடைசிவரை வைத்துப் பார்த்தவள் நான். இந்தத் தாளைக் கேட்டுக்கு அடியில் தள்ளுகிறேன். நீ இறங்கி வந்து எடுக்கும்வரை இங்கேயே தரையில் உட்கார்ந்திருப்பேன்.

கதவைத் திற.

அக்கா