தண்ணீர்த் தொட்டிக்கு ஆறு விளக்கு

மார்ச் 3, திங்கள்

காலையில் பனி, பத்து மணிக்குமேல் சுள்ளென்று வெயில். ஏழாம் வகுப்புப் பரீட்சைத் தாள்கள் அப்படியே கிடக்கின்றன.

மேட்டுத் தண்ணீர்த் தொட்டி மறுபடி வழிந்துவிட்டது. அப்பா கீழே பம்பைப் போட்டுவிட்டு, நூற்றுப் பன்னிரண்டு படி ஏறி, தொட்டிக்குள் எட்டிப் பார்த்து, நிறைந்ததும் இறங்கி வந்து நிறுத்தவேண்டும். தை மாதப் பனியில் வழுக்கி விழுந்ததிலிருந்து முழங்கால் மடங்குவதில்லை. அவர் இறங்கி வருவதற்குள் தண்ணீர் ரோட்டில். தோட்டத்துப் பெரிய தொரை சொல்லிவிட்டார், இன்னொரு தடவை வழிந்தால் பேர் வெட்டு, வேலை இல்லை. பேர் போனால் தோட்டம் கொடுத்த லயத்துக் காம்பராவும் போகும். முப்பது வருஷம் பம்ப் பார்த்த மனுஷன்.

அப்பா: "விடும்மா. கால் தானா சரியாயிரும்."

ஆகாது. நான் விஞ்ஞான டீச்சர். சும்மா பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன்.

மார்ச் 4, செவ்வாய்

படம் வரைந்தேன். தொட்டிக்குள் நீளம் மாறிமாறி ஆறு கம்பி. தண்ணீர் ஏற ஏற ஒவ்வொன்றாகத் தொடும். அங்கிருந்து வயர் கீழே பம்ப் கொட்டிலுக்கு. கொட்டிலில் ஒரு ஐசி சில்லு, அதற்குள் விளக்கைப் போட்டு அணைக்கும் ஆறு கேட், கேட்டுக்கு ஒரு சிவப்பு எல்.இ.டி. அடிக்கு ஒரு விளக்கு. ஆறும் எரிந்தால் பம்பை நிறுத்து. படியே ஏறவேண்டாம்.

7404 ஐசி - பயிற்சிக் கல்லூரிப் பெட்டியில் இருக்கிறது. பித்தளைக் கம்பி - கேட்டாயிற்று. பழைய டெலிபோன் வயர் - தோட்டத்தில் மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையா தருவதாகச் சொன்னார், முகத்தைச் சுளித்துக்கொண்டு. ஒட்டுவதற்கு ஈயம் - கொஞ்சம்தான் இருக்கிறது.

மார்ச் 6, வியாழன்

குஸ்னியில், அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த வாளித் தண்ணீரில் சோதனை. கம்பிகளை இறக்க இறக்க ஒன்று, இரண்டு, மூன்று. ஆறும் எரிந்தது. அம்மா: "திருநாள் சோடனை மாதிரியில்ல இருக்கு."

சளி. மூக்கு அடைப்பு. அப்படியும் கண்டாக்கையாவிடம் போய், சனிக்கிழமை தொரைக்கே காட்டுகிறேன் என்று ஜம்பம் அடித்துவிட்டு வந்தேன்.

மார்ச் 8, சனி

நுணலும் தன் வாயால் கெடும். தொட்டியில் பாதித் தண்ணீர், ஒரு விளக்குகூட எரியவில்லை. வயர் சரி, பாட்டரி சரி, ஒட்டு சரி. தொரை மணிக்கூட்டைப் பார்த்தார். கண்டாக்கையா, "என்னா டீச்சரம்மா, பல்பு பீஸ் போச்சா?"

தொரை: "புதன்கிழமை வரைக்கும் பாப்பேன். பொறகு வேற ஆள்."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன், அன்றைக்கு என்ன தண்ணீர்?

"கருவாடு ஊறப்போட்ட வாளி. ஏன், நாத்தம் தெரியலயா?"

உப்புத் தண்ணீரில் மின்சாரம் தாராளமாக ஓடும். நம் ஊற்றுத் தண்ணீரில் உப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. அதன் வழியாக வரும் துளி மின்சாரம் 7404க்குப் போதாது. படித்தவளை ஒரு துண்டுக் கருவாடு ஏமாற்றிவிட்டது. சிரித்தேன், பிறகு அழுதேன், பிறகு படத்தை எடுத்தேன்.

மார்ச் 10, திங்கள்

அரைநாள் லீவு. ராகலை பஸ்ஸில் நின்றுகொண்டே நுவரெலியா. ரேடியோக் கடையில் 4049 ஐசி, அதை ஒட்டாமல் மாட்டிக் கழற்ற ஒரு சாக்கெட். அதுவும் ஆறு கேட்தான், ஆனால் இதற்குத் துளி மின்சாரமே போதும். படத்தைத் தலைகீழாக மாற்றி வரைந்தேன். பதினாறு கால். மின்சாரம் ஒன்றாம் காலில் கொடுக்கவேண்டும், மற்ற ஐசி மாதிரிக் கடைசிக் காலில் இல்லை. பழக்கத்தில் கடைசிக் காலில் கொடுக்கப் பார்த்தேன், நல்ல வேளை கவனித்தேன்.

இந்தத் தடவை தொட்டித் தண்ணீரையே போத்தலில் கொண்டுவந்து சோதித்தேன். நாலாவது விளக்கு மினுக்கியது, சின்னக் கப்பாசிட்டர் ஒன்று போட்டதும் அடங்கியது.

மார்ச் 12, புதன்

எரிகிறது. அப்பா கொட்டிலில் முக்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். ஆறாவது வந்ததும் நிறுத்தினார். ஒரு சொட்டு வழியவில்லை. முழங்காலைத் தடவிக்கொண்டார்.

பள்ளி விட்டபிறகுதான் தொரை வந்தார், கண்டாக்கையாவோடு. "ஹொந்தய், ஹொந்தய்" என்று சிங்களத்தில் மெச்சினார். அப்புறம் கண்டாக்கையாவிடம் திரும்பி, "இப்ப லைட் பாத்து சுவிட்ச் போட யாரும் போதும். பெக்டரி ஆள் ஒருத்தனப் போடு. கெழவன் வேணாம்."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

நான் பாட்டரியைக் கழற்றினேன். கொண்டை ஊசியால் ஐசியை நெம்பி எடுத்து, கொட்டிலில் கிடந்த சிகரெட் பெட்டி ஈயத்தாளில் சுற்றிக் கைப்பைக்குள் போட்டேன்.

"ஒவ்வொரு நாளும் இதக் கழட்டி வைக்கணும் சார், ஈரத்துக்குக் கெட்டுரும். காலையில மாட்டணும். மாத்தி மாட்டுனா எரிஞ்சிரும். மாட்டத் தெரிஞ்ச ஆளு எங்கப்பா மட்டும்தான்."

தொரை அப்பாவைப் பார்த்தார். "தெரியுமா?"

அப்பா என்னைப் பார்த்தார். "தெரியுங்க தொரை."

"சரி. அப்ப நீயே பாரு."

அப்பா அதைத் தொட்டதுகூட இல்லை. விடிவதற்குள் சொல்லித்தரவேண்டும், ஒன்றாம் கால் எது என்பதிலிருந்து.