இரண்டு நாள் லீவுக்குப் பிறகு

செவ்வாய், மஸ்கெலியா

முதுகுவலிக்காக இரண்டு நாள் லீவு போட்டு நன்றாகத் தூங்கிவிட்டு, இன்று தேயிலை மலைக்குப் போனேன். பறிப்பவர்களை மேற்பார்க்கும் கங்காணியான பிறகு நான் எடுத்த முதல் லீவு. நான் இல்லாமலும் பெண்கள் கொழுந்து ஒழுங்காகவே பறித்திருந்தார்கள். மத்தியானம் அவர்களில் ஒருத்தியான செல்வி தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தாள்.

"அக்கா, நான் முழுகாம இருக்கேங்க. மூணு மாசம். மேட்டுல கூடையோட ஏற முடியலங்க."

"ஏன்டி இவ்வளவு நாளா சொல்லல?"

"நீங்க எப்பவும் எரிஞ்சு விழுவீங்க. இன்னைக்குத்தான் முகம் தெளிஞ்சிருக்கு."

உடனே அவளைச் சமதரையில் பறிக்க அனுப்பினேன். சிரித்துக்கொண்டே போனாள். எனக்கும் மனம் நிறைந்துவிட்டது. மாதம் ஒரு நாளாவது இப்படி ஓய்வெடுக்க வேண்டும். இன்னும் யார் யார் என்னிடம் எதைச் சொல்லாமல் விழுங்கிக்கொண்டிருக்கிறார்களோ. கண் சொருகுகிறது.