பாஸ்போட் பைக்குள் இல்லை

குண்டசாலை,
செவ்வாய்க்கிழமை.

நிலூஷாவின் அப்பாவுக்கு,

நானும் பிள்ளையும் சுகம். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்றே தெரியாது. நேற்று சுந்தரலிங்கம் வந்த பிறகுதான் உயிரோடு இருக்கிறீர்கள் என்று தெரிந்தது.

கதிரையில்கூட உட்காராமல், “கணேஸோட பாஸ்போட்டக் குடுங்க. சனிக்கிழமை ரெண்டு பேரும் டுபாய் போறோம்” என்றார். தேடி வைக்கிறேன், நாளைக்கு வாங்க என்று அனுப்பிவிட்டேன்.

இன்று காலை பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். நீங்களும் சுந்தரலிங்கமும் உடைத்த அக்குறணை நகைக்கடையின் காவற்காரர் கறுப்பையா அங்கேதான் படுத்திருக்கிறார். தலையில் பதினாறு தையல். வலது கை இன்னும் எழும்பவில்லை. தெரிந்தவள் மாதிரி பக்கத்தில் உட்கார்ந்தேன். “அடிச்சவன் ஓடிட்டான். வேன் ஓட்டிட்டு வந்தவன் திரும்பி வந்து, என் தலைக்குக் கீழ சாக்க மடிச்சு வச்சுட்டுத்தான் போனான்” என்றார்.

அதற்கு மேல் மறைக்க என்னால் முடியவில்லை. அந்த வேன்காரர் என் வீட்டுக்காரர் என்று சொன்னேன். கறுப்பையா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். திரும்பாமலே, “வெள்ளிக்கிழமை பொலிஸ் வாக்குமூலம் எடுக்க வருது. அதுக்கு முந்தி அவரே போய்ச் சொல்லட்டும்” என்றார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அங்கிருந்து நேரே சட்டத்தரணி கைரியா மிஸ்ஸிடம் போய், எல்லாவற்றையும் சொல்லி, உங்கள் பாஸ்போட்டைக் கொடுத்துவிட்டேன். சுந்தரலிங்கத்திடம் கிடைக்கவில்லை என்பேன். உங்களிடம் அந்தப் பொய் வேண்டாம். அவரிடம் உங்களுக்குக் கொடுத்துவிடும் பையில் இரண்டு சட்டையும் உங்கள் இழுப்பு மருந்தும் இருக்கின்றன. இந்தக் கடிதத்தை மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிறேன். அதை அவர் திறக்கமாட்டார்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் நானும் மிஸ்ஸும் நிற்போம். நீங்கள் வந்தால் மூன்று பேருமாகப் பொலிஸுக்குப் போவோம். வராவிட்டால் நான் போய் உங்கள் பெயரைச் சொல்வேன். கோபத்தில் எழுதவில்லை. யோசித்துத்தான் எழுதுகிறேன்.

அப்பா வேனில் ஹயர் ஓட்டப் போயிருக்கிறார் என்று பிள்ளையிடம் சொல்லி வைத்திருந்தேன். “அப்ப வேன் ஏன் வாசல்ல நிக்குது?” என்று கேட்கிறாள். இனி அவளிடமும் பொய் சொல்வதாக இல்லை.

உள்ளே போட்டால் பக்கத்திலிருக்கும் பல்லேகல ஜெயில்தானே. கார்மென்ட் வேலை முடிந்து நடந்தே வந்து பார்ப்பேன், எத்தனை வருஷமானாலும். டுபாய்க்கு என்னால் நடந்து வர முடியாது.

கட்டுக்கலைப் பிள்ளையார் உங்களைக் கூட்டிக்கொண்டு வரட்டும். வெறும் வயிற்றோடு வராதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் சிந்துஜா