இறங்கிய எண்

மெர்லிமாவ்,
14.8.1996

மலர் அப்பாவுக்கு,

போன வாரம் போனில், "மலரு ரத்தத்துல நம்பரு எறங்கிடுச்சுங்க, நீங்க லீவு போட வேணாம்" என்று கத்தினேனே, அதை மறந்துவிடுங்கள். நம் தோட்டத்தில் பாதிப் பேருக்கு இனிப்புநீர் வியாதி. அதில் சர்க்கரை எண் இறங்கினால் நல்லது என்றுதான் எனக்குத் தெரியும். மாரியம்மன் கோயிலில் பொங்கல்கூட வைத்துவிட்டேன்.

இன்றைக்கு டாக்டர் விளக்கினார். மலருக்கு வந்திருக்கும் இந்த லூபஸ் வியாதியில் சி-த்ரீ என்ற அந்த எண் இறங்கினால் நோய் ஏறுகிறது என்று அர்த்தமாம். சிறுநீரகத்தையும் தொட்டிருக்கிறதாம், கால் வீக்கம் அதனால்தானாம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மலரின் முகத்தைப் பார்க்கவே எனக்குத் தைரியமில்லை. அவளாகவே சொன்னாள்: "எனக்கு அன்னிக்கே தெரியும்மா, நர்ஸ் சொன்னாங்க. நீ சிரிச்சுக்கிட்டே பொங்கல் வச்சியா, அதான் சும்மா இருந்துட்டேன்லா."

அன்றைக்கு அந்தப் பொங்கலை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

மற்றபடி இங்கே எல்லாம் சௌகரியம். நல்ல மழை.

சிங்கப்பூரில் அவளுக்கு வாங்கி வைத்திருக்கும் சப்பாத்தை இரண்டு அளவு பெரிதாக மாற்றிக்கொள்ளுங்கள். தீபாவளிவரை வைத்திருக்க வேண்டாம். இந்த வாரமே கொண்டுவந்து, நீங்களே அவள் காலில் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
அவசரப்பட்டுப் பொங்கல் வைத்தவள்