கைக்கெட்டும் தூரத்தில் காணாமல்போன பிரிண்டர்

அன்புள்ள சின்னவனுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அக்காவும் மாப்பிள்ளையும் சௌக்கியம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்ற நினைப்போடுதான் இதைத் தொடங்குகிறேன். என் முழங்கால் தேவலை, மாடிப்படி இறங்க மட்டும் இன்னும் சம்மதிக்கவில்லை.

உன்னிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். போன திங்கட்கிழமை அக்காவுக்குச் சொல்லாமல் ஒரு முதியோர் விடுதியின் விண்ணப்பத்தைக் கம்ப்யூட்டரில் இறக்கி வைத்தேன். இங்கே யாரும் என்னை ஒரு சொல் சொல்லிவிடவில்லை, அதை முதலில் தெரிந்துகொள். நான் இங்கே வந்ததும், அதுவரை அக்கா வேலை செய்துகொண்டிருந்த அறை என்னுடையதாகிவிட்டது. பாவம், அவள் சாப்பாட்டு மேசையில் கட்டடப் பிளான் வரைகிறாள், சாப்பிடும் நேரம் வந்தால் எல்லாவற்றையும் சுருட்டி ஃபிரிட்ஜ் மேல் வைக்கிறாள். தினம் மூன்று வேளை அதைப் பார்த்தால் எனக்குச் சாப்பாடு எப்படி இறங்கும்? விண்ணப்பம் வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்தோடு போய்ச் சேர வேண்டும். நேரில் சொல்ல எனக்கு வாய் வராது, பூர்த்தி செய்த தாளை அவள் கையில் கொடுத்துவிட்டால் அதுவே பேசிக்கொள்ளும் என்று நினைத்தேன்.

ஆனால் பிரிண்டரைக் காணவில்லை என்றது கம்ப்யூட்டர். அதுவோ என் அறைக்கு வெளியே, நடைவழியில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் பச்சை விளக்கோடு உட்கார்ந்திருக்கிறது. அக்கா அனுப்பினால் ஒழுங்காக அச்சடிக்கிறது, நான் அனுப்பினால்தான் இல்லை. வழக்கம்போல் நான்தான் எதையோ கெடுத்து வைத்திருக்கிறேன் என்றுதான் நினைத்தேன். கடைக்குப் போய் எடுக்கலாமென்றால் மூன்று மாடி இறங்க வேண்டும். ஒரு நோட்டை எடுத்து, இருக்கக்கூடிய காரணங்களை எழுதி ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். மின்சாரம் சரி, தாள் சரி, மை சரி. கம்ப்யூட்டர், பிரிண்டர் இரண்டையும் அணைத்துப் போட்டேன், பலனில்லை. ஒவ்வொரு சோதனைக்குப் பிறகும் ஒருமுறை அச்சடிக்கச் சொல்லிப் பார்த்தேன், ஆக ஒன்பது முறை.

மூன்றாம் நாள், பிரிண்டரின் ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தால் அது தன் விவரத்தைத் தானே அச்சடித்துத் தரும் என்று படித்தேன். நிஜமாகவே தந்தது! அதில் அதன் முகவரி, புள்ளி வைத்துப் பிரித்த நான்கு எண்கள். என் கம்ப்யூட்டரின் முகவரியையும் தேடிப்பிடித்துக் கீழே எழுதினேன். முதல் இரண்டும் ஒன்றேதான். மூன்றாவது, அதற்கு ஒன்று, எனக்கு ஐந்து. நான்காவது ஆளுக்கு ஆள் மாறும், மூன்றாவது ஏன் மாற வேண்டும்? மதியத் தூக்கமே மறந்துபோயிற்று. ஒரே வீட்டுக்குள் இரண்டு தெருவா என்று தோன்றியது. பார்த்தால் அதேதான். போன மாதம் மாப்பிள்ளை வைஃபை பாஸ்வேர்டை மாற்றினார். புதியதைக் கேட்கக் கூச்சப்பட்டு, கூடத்துச் சுவரில் வந்துபோகிறவர்களுக்காக ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்து, விருந்தாளிகளுக்கான வைஃபையில் நானே போய்ச் சேர்ந்துகொண்டேன். இன்டர்நெட் வந்தது, அதனால் சந்தேகமே வரவில்லை. விருந்தாளியின் கம்ப்யூட்டருக்கு வீட்டுச் சாதனங்கள் கண்ணில் படாமல் அது மறைத்து வைக்குமாம். யோசித்தால் நியாயம்தான், யார் போனில் என்ன வைரஸ் இருக்கிறதோ.

காரணம் கிடைத்துவிட்டது, இனிப் பாஸ்வேர்டைக் கேட்க வேண்டும், அதுதான் மலையாக நின்றது. வியாழன் சாயங்காலம் அறைக்கும் கூடத்துக்கும் நாலு நடை நடந்த பிறகு கேட்டுவிட்டேன். இவ்வளவு நாளா கெஸ்ட்லயா இருந்தீங்க, ஒரு வார்த்தை கேட்டா குறைஞ்சா போயிடுவீங்க மாமா என்று சிரித்தபடி மாப்பிள்ளையே வந்து போட்டுக் கொடுத்தார். பட்டியலில் மங்கிக் கிடந்த பிரிண்டர் உயிர்பெற்றது. கைதட்டாத குறைதான். அடுத்த நிமிடமே நடைவழியில் அது உறும ஆரம்பித்தது. நான் அனுப்பிய ஒன்பதும் இத்தனை நாளாக வரிசையில் காத்திருந்திருக்கின்றன! நாலு பக்கம், ஒன்பது பிரதி. முழங்காலைப் பிடித்துக்கொண்டு நான் போய்ச் சேர்வதற்குள் அக்கா எடுத்துப் படித்துவிட்டாள்.

அழுவாள் என்று பயந்தேன். அவளோ, என்னப்பா, ஒன்பது பேருக்கா இடம் கேக்குறீங்க, எங்களையும் கூட்டிட்டா போறீங்க என்றாள். அதன் பிறகுதான் குரல் உடைந்தது. தட்டுத் தடுமாறி மேசை விஷயத்தைச் சொன்னேன். அந்த ரூம்ல வெளிச்சம் பத்தலைன்னு எத்தனை வருஷமா புலம்புறேன் தெரியுமா, ஜன்னல் பக்கம் வர எனக்கு ஒரு சாக்கு கிடைச்சுது, இதைக் கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேனே என்றாள். என்னைத் தேற்றச் சொன்னாளோ என்று எனக்குச் சந்தேகம். நேற்றுக் காலை பத்து மணிக்கு, ஒரே மருந்துச் சீட்டை இரண்டு இடத்திலும் வைத்துப் படித்துப் பார்த்தேன். அறையில் கடைசி இரண்டு வரி தெரியவில்லை, மேசையில் தெரிந்தது. அவள் சொன்னது உண்மைதான். விண்ணப்பத்தை அனுப்பவில்லை. பிளானைச் சுருட்டி வைக்கும் வேலையை நான் வாங்கிக்கொண்டேன், ஓரம் மடங்குகிறது என்று இரண்டு தடவை திட்டும் வாங்கியாயிற்று.

நோய்நொடி அண்டாமல், மனசு நிறைந்து நீ நீண்ட நாள் வாழ வேண்டும். ஒன்றை மறந்துவிடாதே: ஒரு பக்கம் காலிதானே என்று மாப்பிள்ளை அந்த முப்பத்தாறு தாளையும் திருப்பிப் பிரிண்டரிலேயே வைத்துவிட்டார். இந்தக் கடிதத்தின் பின்பக்கத்தைப் பார்த்துப் பதறிப்போய் அக்காவுக்குப் போன் போடாதே.

உன் பிரியமுள்ள
அப்பா