காப்பார் நிலத்தில் பன்னிரண்டு பங்கு

ஜாலான் ஸ்காட்,
பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்.
24.11.1993

அன்புள்ள மகள் சுகிர்தாவுக்கு,

முருகன் அருளால் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறோம். நம்பத்தான் வேண்டியிருக்கிறது, ஏனென்றால் உன் கடைசிக் கடிதத்தின் ஏழு பக்கங்களிலும் மண்புழுக்களின் உடல்நலம் விரிவாக இருந்ததே தவிர உன்னுடையதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அம்மா இரண்டு முறை தேடிப் பார்த்தாள். விஸ்கான்சினில் குளிர் தொடங்கியிருக்குமே, பிள்ளை காதை மூடிக்கொண்டுதான் வயலில் இறங்குகிறாளா என்று என்னைக் கேட்டாள். மண்புழு நன்றாக இருக்கும் இடத்தில் மனிதருக்கும் குறையிராது என்று சொல்லிவைத்தேன். அந்தப் பதிலில் அவளுக்குத் திருப்தியில்லை.

ஜூலையில் நீ கேட்டதற்கு இப்போதுதான் முழுப் பதில் எழுதுகிறேன். கடலோரம் காப்பாரில் நமக்கிருக்கும் மூன்று ஏக்கரை நீ வரும்வரை விற்க வேண்டாம், அங்கே பயிற்சியில் பார்க்கிற மாதிரிப் பண்ணையை இங்கே நடத்திப் பார்க்க ஆசை என்று எழுதியிருந்தாய். அங்கே பிளாஸ்டிக் நாற்காலித் தொழிற்சாலை கட்ட விரும்பும் ஒருவர், நவம்பர் முடிவதற்குள் கையெழுத்து வேண்டும் என்று நின்றார். உண்மையைச் சொன்னால் நானும் அவர் பக்கம்தான் சாய்ந்திருந்தேன். உன்னை விவசாயம் படிக்க அனுப்பியபோது நீ ஏதாவது ஓர் இலாகாவில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து விவசாயம் செய்வாய் என்றுதான் நினைத்தோம். நம் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக எல்லாரும் எல்லாவற்றையும் அப்படித்தான் செய்திருக்கிறோம். நானே முப்பது வருடம் ரயில்வேயில் இருந்தேன், ஒரு ரயிலையும் கையால் தொட்டதில்லை.

ஆனால் உன் பண்ணையின் ஏற்பாடு என்னை விடவில்லை. சாப்பிடுகிறவர்கள் விதைக்கும்போதே பணம் கட்டிவிட வேண்டும், விளைந்தால் வாரம் ஒரு கூடை, விளையாவிட்டால் விவசாயியோடு சேர்ந்து வருத்தம். இதற்குப் படித்தவர்கள் சம்மதிக்கிறார்கள் என்பதை என்னால் நம்ப முடியவில்லை, அதனால் சோதித்துப் பார்த்துவிடுவது என்று ஆகஸ்டில் முடிவு செய்தேன். நம் தெருவில் பன்னிரண்டு வீடுகளைச் சேர்ப்பது, நவம்பர் கடைசியில் பத்து வீடாவது மிஞ்சினால் நிலத்தை விற்பதில்லை, குறைந்தால் கையெழுத்துப் போடுவது. அம்மாவிடம் மட்டும் சொன்னேன். உனக்குச் சொல்லவில்லை, சொன்னால் அங்கிருந்தே யோசனைகள் எழுதத் தொடங்குவாய்.

பயிரிட அய்யாவு இருந்தார். பதினைந்து வருடமாக அந்த நிலத்தில் குடியிருந்து நம் தென்னைகளைப் பார்த்துக்கொள்கிறவர், தன் வீட்டுக்குக் காய்கறி போடுகிறவர். மருந்து அடிக்கக்கூடாது, உரமூட்டை கூடாது, இலையில் ஓட்டை இருந்தாலும் பரவாயில்லை என்று உன் கடிதத்தைப் பார்த்து விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, என்னங்க ஐயா, பூச்சி தின்னு மிச்சம் வச்சத அமெரிக்காவுல காசு குடுத்து வாங்குதுங்களா, அப்ப நான் இத்தன வருசமா தப்பான நாட்டுல இருந்துட்டேன்லா என்றார்.

பிப்ரவரிவரைக்கும் பணம் கட்டி, பன்னிரண்டு வீடுகள் ஒரே வாரத்தில் சேர்ந்தன. எல்லாரும் பென்ஷன்காரர்கள், கூட்டம் என்றால் வராமல் இருக்கத் தெரியாதவர்கள். அரசாங்கத் திறைசேரியில் இருந்து ஓய்வு பெற்ற எதிர்வீட்டு சிவசம்பு அங்கிள் தலைவர், நான் செயலாளர். ஒரு விதை ஊன்றுவதற்கு முன்னால் ஒன்பது விதிகளும் ஓர் உபகுழுவும் முளைத்துவிட்டன. உபகுழு தன் முதல் தீர்மானத்தில் கேரட், லீக்ஸ், பீட்ரூட், முட்டைக்கோஸ் ஆகியவற்றைப் பயிரிடுமாறு பண்ணையைக் கேட்டுக்கொண்டது. அய்யாவு வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, இதெல்லாம் கேமரன் மலையில வெளையறது ஐயா, மலையக் காப்பாருக்கு மாத்தச் சொல்லி இன்னொரு தீர்மானம் போட்டுருங்க என்றார். அதையும் கூட்டத்தில் தெரிவித்தேன், குறித்துக்கொள்ளப்பட்டது.

சனிக்கிழமைதோறும் மோட்டார் சைக்கிளில் இரண்டு பெரிய கூடைகளைக் கட்டிக்கொண்டு அய்யாவு நம் வாசலுக்கு வருவார். புதுப் பாத்திகள் காய்க்கும்வரை அவர் வீட்டுப் பாத்தியிலிருந்தே கத்தரி, பயற்றங்காய், வெண்டி, எல்லாவற்றுக்கும் மேலே காங்கோங் கீரை. செப்டம்பர் முழுவதும் எல்லாருக்கும் மகிழ்ச்சி. அக்டோபர் முடிவில் மழையும் கடலின் பெருக்கும் ஒன்றாக வந்து காப்பாரில் நாலு நாள் தண்ணீர் நின்றது. பாத்திகள் போயின. தண்ணீரைக் கண்டு சந்தோஷப்பட்டது காங்கோங் மட்டும்தான். அந்தச் சனிக்கிழமை கூடையில் அது ஒன்றே வந்தது, அடுத்த சனிக்கிழமையும் அதுவே. வெறுங்கீரையைத் தூக்கிட்டு எதுக்குப் போறீங்கன்னு என் சம்சாரம் லெட்சுமி கேட்டா, சொல்லாம வராம நின்னுக்கிறது மரியாத இல்லன்னு வந்தேன் என்றார் அய்யாவு. கந்தசஷ்டி விரதம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆறு நாள் மரக்கறி, பன்னிரண்டு சமையலறை, ஒரே கீரை. நிலைமை உனக்கு விளங்கும்.

அவசரக் கூட்டம் நம் வீட்டு ஹாலில் நடந்தது. சிவசம்பு அங்கிள் எழுந்து, இஞ்ச பாரும் சண்முகரத்தினம், முப்பத்திரண்டு வருசம் திறைசேரியில இருந்தனான், நட்டத்தைப் பங்கு போடுறதுக்கு ஆக்கள் வரிசையில நிண்டதை நான் காணேல்லை என்றார். முகங்களைப் பார்த்தேன், ஏழு பேர் போய்விடுவார்கள் என்று தெரிந்தது. விற்பனைப் பத்திரம் என் மேசை லாச்சியில் இருந்தது. விலக விரும்புகிறவர்களுக்காக ஆறாம் விதியை வாசித்தேன். காரணத்தை எழுத்தில் தர வேண்டும், அது கூட்டத்தில் வாசிக்கப்பட்டு அறிக்கைப் புத்தகத்தில் பதியப்படும். பிறகு மார்க்கிரட் ஆன்டி, உன் பழைய தலைமையாசிரியை, நாற்பது வருசம் உத்தியோகம் பார்த்தனான், என்ர பேருக்கு நேரே கீரை எண்டு எழுத விடமாட்டன் என்று சொல்லிவிட்டார். சிவசம்பு அங்கிள் தாள் வாங்கி, சொந்தக் காரணங்களுக்காக என்று எழுதிக் கொடுத்தார். சொந்தக் காரணங்கள் ஏற்கப்படமாட்டா என்று ஆறாம் விதியில் சேர்த்தவரே அவர்தான் என்பதை மரியாதையாகச் சுட்டிக்காட்டினேன். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அப்ப இன்னும் ஒரு கிழமை பாப்பம் என்றார். உங்கள் பண்ணையில் உறுப்பினர்களைச் சேர்த்து வைப்பது மண்மேல் உள்ள அன்பு என்று எழுதியிருந்தாய். இங்கே ஆறாம் விதி.

அடுத்த நாள் சிவசம்பு அங்கிள் யாருக்கும் சொல்லாமல் கிள்ளான் பஸ் ஏறி, அங்கிருந்து டாக்சி பிடித்து, நட்டத்தை நேரில் பரிசோதிக்கக் காப்பாருக்குப் போயிருக்கிறார், பாலிஷ் போட்ட சப்பாத்தோடு. மாலையில் நேராக நம் வீட்டுக்கு வந்தார், முழங்கால்வரை சேறு. அந்த மனிசன்ர வீட்டுக்குள்ள நாலு நாள் தண்ணி நிண்டிருக்கு, அரிசி மூட்டை நனைஞ்சு போச்சுது, எங்களுக்கு ஒரு சொல் சொல்லேல்லை, கீரையைப் பற்றி மட்டும் மன்னிப்புக் கேட்டவர் என்றார். அம்மா தேத்தண்ணீர் கொடுத்தாள், குடிக்க மறந்துவிட்டார். மறுநாள் பன்னிரண்டு வீட்டுக்கும் அவரே நடந்து போனார். அரிசியும் விதையும் இரண்டு நாளில் காப்பாருக்குப் போய்ச் சேர்ந்தன, தீர்மானம் எதுவும் இல்லாமல். இது எங்கள் வரலாற்றில் முதல் தடவை என்பதால் அறிக்கைப் புத்தகத்தில் எப்படி எழுதுவது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. விரத நாட்களில் கீரையை அம்மா ஆறு விதமாகச் சமைத்தாள், ஐந்து நன்றாக இருந்தன.

திங்கட்கிழமை நாற்காலிக்காரர் வந்தார். பன்னிரண்டு வீடும் அப்படியே இருக்கின்றன, விற்பதாக இல்லை என்று பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தேன். மகள் திரும்பி வந்து நடத்தப் போகிறாளா என்று கேட்டார். அது வேறு விஷயம், பன்னிரண்டு குடும்பம் பிப்ரவரிவரை சாப்பிடப் போகும் நிலத்தை அவர்கள் தட்டிலிருந்து எடுத்து விற்க முடியாது என்றேன்.

ஆகவே சுகிர்தா, நிலத்தைக் காப்பாற்றுவதற்காக நீ வர வேண்டியதில்லை, நீ இல்லாமலே அது நடந்துவிட்டது. உனக்கு இது சற்று ஏமாற்றமாக இருக்கலாம். அங்கேயே நல்ல வேலை கிடைத்தால் தயங்காமல் எழுது, இரண்டு நாள் அம்மா பேசமாட்டாள், பிறகு சரியாகிவிடும். வருவதென்றால் வர ஆசைப்பட்டு வா. எங்களுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்.

எங்கு நின்றாலும் நீ நலமாக, நினைத்தது கைகூடி, நீண்ட காலம் வாழ வேண்டும் என்று இருவரும் உன்னை ஆசீர்வதிக்கிறோம். ஒன்று மறந்துவிடாதே. வெள்ளத்துக்குப் பிறகு புது நாற்றுகளை நத்தை தின்கிறது, விஷமில்லாமல் அதை எப்படி ஒழிப்பது என்று நீ பயிற்சி பெறும் பண்ணையின் விவசாயியிடம் கேட்டு எழுதச் சொல்கிறார் அய்யாவு. நீ வருவதைப் பற்றி யோசித்து மெதுவாக எழுதலாம். நத்தைக்குப் பதிலை உடனே போடு.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா,
வே. சண்முகரத்தினம்